கால்வாய்க் கரையில் சைக்கிள் பாதை: காஞ்சிபுரத்துக்கு செட் ஆகுமா?

முகூர்த்த சீசனில் காஞ்சிபுரம் காந்தி ரோட்டைக் கடப்பதே பெரும்பாடு. பட்டு எடுக்க வரும் வெளியூர் கார்கள், கோயில் சுற்றுலா வேன்கள், ஷேர் ஆட்டோக்கள் என நிரம்பி வழியும் சாலையில் சைக்கிளுக்கு ஏது இடம்? ஆனால், இதே ஊரின் நடுவே சிக்னலே இல்லாத ஒரு தடம் மேற்கிலிருந்து கிழக்கே போகிறது. அதுதான் மஞ்சள் நீர் கால்வாய். அதன் கரையில் சைக்கிள் பாதை சாத்தியமா?

எங்கிருந்து எங்கே?

கைலாசநாதர் கோயில் பக்கம் புத்தேரிப் பகுதியில் தொடங்கும் இந்தக் கால்வாய், ஊருக்குள் புகுந்து, திருக்காலிமேடு வழியாக நத்தப்பேட்டை ஏரிக்குப் போகிறது. மழைநீர் வடிவதற்கான கால்வாய் இது. இப்போது வீட்டுக் கழிவுநீரும் பிளாஸ்டிக்கும்தான் அதிகம். தெற்கே ஓடும் வேகவதி, திருமுக்கூடலில் பாலாற்றோடும் செய்யாற்றோடும் கலக்கிறது. ஊரைத் தாண்டும்போது அதன் நிலைமையும் ஏறக்குறைய இதேதான்.

யாருக்குத் தேவை?

சைக்கிள் பாதை என்றதும் ஹெல்மெட், கியர் சைக்கிள், ஞாயிற்றுக்கிழமை காலை ரைடு என்றுதான் பலருக்கும் தோன்றும். தினமும் பெடல் மிதிப்பவர்கள் வேறு ஆட்கள். 2001-ல் பட்டியலின, பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கிய விலையில்லா சைக்கிள் திட்டம், பிறகு அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் 1 மாணவர்கள் எல்லோருக்கும் விரிந்தது. அரசே சைக்கிள் கொடுக்கிறது. அதை பயமில்லாமல் ஓட்ட ரோடு இல்லை. பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளிலும் கடைக்குப் போகவும், நூல் வாங்கவும், நெய்த சேலையை சங்கத்தில் கொடுக்கவும் சைக்கிளை நம்பியிருப்பவர்கள் உண்டு.

மற்ற ஊர்களில் என்ன செய்தார்கள்?

சிங்கப்பூரில் பூங்காக்களை இணைக்கும் பாதைகள் 300 கிலோமீட்டருக்கும் மேல் நீள்கின்றன. இதில் கவனிக்க வேண்டியது, நிலம் எங்கிருந்து கிடைத்தது என்பதுதான். கால்வாய்ப் பராமரிப்புக்காக ஏற்கெனவே கரையோரம் விட்டுவைத்த இடத்தையே பல இடங்களில் பாதையாக்கினார்கள்.

கோவையில் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் கரைகள் மாறின. வாக்கிங், சைக்கிளிங் போக நல்ல இடம். ஆனால், குளத்தைச் சுற்றுவது உடற்பயிற்சி. வீட்டிலிருந்து பள்ளிக்கோ வேலைக்கோ போவது பயணம். இரண்டுக்கும் தேவைப்படும் பாதை வேறு.

கரைப்பாதை நமக்குப் புதிதும் அல்ல. சென்னை பக்கிங்காம் கால்வாயில் விறகும் உப்பும் ஏற்றிய படகுகளைக் கரையில் நடந்தபடி கயிறு கட்டி இழுத்த காலம் உண்டு. பிறகு அதே கால்வாய்க்குள் பறக்கும் ரயிலின் தூண்கள் இறங்கின.

அப்போ சிக்கல் எங்கே?

முதல் சிக்கல், நாற்றம். கழிவுநீர் கலப்பதை நிறுத்தாமல் கரையில் டைல்ஸ் பதித்தால், மூக்கைப் பொத்திக்கொண்டு யாரும் ஓட்ட மாட்டார்கள்.

இரண்டாவது, அகலம். பல இடங்களில் வீட்டுச் சுவர் கால்வாயை ஒட்டியே நிற்கிறது.

மூன்றாவதுதான் பெரிது: கரையில் வாழும் மக்கள். வேகவதிக் கரையில் இருந்த குடும்பங்களுக்காக கீழ்கதிர்ப்பூரில் 2,112 அடுக்குமாடி வீடுகள் கட்டப்பட்டன. வெள்ள ஆபத்து உண்மை. ஆனால், நகரத்துக்குள் வேலையும் பிள்ளைகளின் பள்ளியும் இருக்க, வெளியே போய்க் குடியேறுபவர்களுக்கு தினசரிப் பயணம் புதுச் செலவு. 'அழகுபடுத்துகிறோம்' என்று சொல்லி ஏழைகளை மட்டும் அகற்றினால், அந்தப் பாதை யாருக்கு?

என்ன செய்யலாம்?

கால்வாயைத் தூர்வார பொக்லைன் இறங்க வேண்டும். கரையில் வழி இல்லாத இடத்தில் அது முடியாது, சேறு தேங்கும், அடுத்த மழைக்குத் தண்ணீர் தெருவுக்கு வரும். ஆக, கரையோரம் பராமரிப்புப் பாதை எப்படியும் தேவை. அதே பாதையில் மற்ற நாட்களில் சைக்கிள் போகலாம். ஆட்கள் வந்துபோகும் கரையில் குப்பை கொட்டவும் புதிதாக வளைத்துப் போடவும் கொஞ்சம் யோசிப்பார்கள்.

முழு நீளத்துக்கும் ஒரே நாளில் வராது. இடம் இருக்கும் துண்டுகளில் தொடங்கி, இல்லாத இடத்தில் பக்கத்துத் தெருவோடு இணைக்கலாம். தெருவிளக்கு, பைக் நுழையாமல் தடுக்கும் கம்பம், தடுப்புச் சுவர் ஆகிய மூன்றும் கட்டாயம். இல்லாவிட்டால் பெண்களும் மாணவிகளும் அந்தப் பக்கம் வர மாட்டார்கள்.

2021-ல் மாநகராட்சியான ஊர் இது. கால்வாயைச் சீரமைக்கும்போது இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவர் மட்டும் எழுப்பிவிட்டால், அப்புறம் பாதைக்கு இடம் தேடுவது கஷ்டம். டிசைன் போடும்போதே ஒரு சைக்கிள் அகலத்துக்கு இடம் கேட்பதுதான் புத்திசாலித்தனம்.