மெருகும் மெழுகும்

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் பட்டறைகளில் லேத்தின் முன் நின்று வேலை கற்றவர் எவரைக் கேட்டாலும், மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பதையும், அந்தச் சின்னஞ்சிறு பங்கில் சில தவறினாலும் செய்த உருப்படி ரிஜெக்ட் ஆகி மூலையில் குவியும் என்பதையும் நொடியில் சொல்லிவிடுவார். 1949இல் உருவான டி.ஐ. சைக்கிள் கம்பெனியும், பாடியில் 1960களில் எழுந்த மோட்டார் உதிரிபாக ஆலைகளும், 1961இல் ஆவடியில் நிறுவப்பட்டு, விஜயந்தா டாங்கியை உருவாக்கிய கனரக வாகனத் தொழிற்சாலையும் இந்த வட்டாரத்து ஜனங்களுக்குச் சம்பளத்தோடு சேர்த்து அளித்த பெரும் கல்வி, அளவில் சிரத்தை என்பதே. அப்படிப்பட்ட ஊரில், சி.டி.எச். ரோட்டிலும் பூந்தமல்லி நெடுஞ்சாலையிலும் உள்ள வாட்டர் வாஷ் கொட்டகைகள் பலவற்றில், கார்களின் மேற்பூச்சு பாலிஷ் என்ற பெயரால் கணக்கு வழக்கின்றித் தேய்த்துக் கரைக்கப்படுவது நமக்கு அழகல்ல என்பது என் திடமான அபிப்பிராயம்.

விஷயம் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் நஷ்டம் சிறியதல்ல. இக்காலத்துக் காரின் தகட்டின்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட் என்று அடுக்கடுக்காகப் பூச்சு அமைந்திருக்கிறது. காருக்குப் பளபளப்பைத் தருவதும், வெயிலின் புற ஊதாக் கதிர்கள் நிறத்தை வெளுக்கச் செய்யாமல் ரக்ஷிப்பதும் அந்தக் கிளியர் கோட்டே. அதன் கனமோ பெரும்பாலும் 40 அல்லது 50 மைக்ரான்தான், அதாவது நம் தலைமயிர் ஒன்றின் கனத்தைக்கூட எட்டாதது. மங்கிப்போன காரைப் பொலிவுறச் செய்ய இரண்டு வேலைகள் உண்டு. உராயும் துகள்கள் கலந்த ரப்பிங் காம்பவுண்டால் கீறலைச் சுற்றியுள்ள பூச்சைத் தேய்த்து இறக்கி மட்டப்படுத்துவது ஒன்று. துகள் கலவாத மெழுகை மெல்லிய படலமாக மேலே பூசிக் காப்பது மற்றொன்று. முன்னது இருப்பிலிருந்து எடுக்கும் செலவு. பின்னது இருப்பைக் காக்கும் வேலி. இவ்விரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வண்டிக்காரருக்கும் தெரியாமல், கடைக்காரரும் சொல்லாமல், மெழுகு போதுமான வண்டிக்கும் காம்பவுண்டையே போட்டு அனுப்பும் வழக்கம் வேரூன்றிவிட்டது.

நடப்பது என்னவென்றால், வெயிலில் நின்று கொதிக்கும் வண்டியின்மீது காம்பவுண்டைத் தெளித்து, நிமிஷத்துக்கு இரண்டாயிரம் சுற்றுக்கு மேல் சுழலும் பஃபிங் மெஷினில் கம்பளிப் பேடை மாட்டி, அரை மணியில் முடித்துவிடுகிறார்கள். அந்தக் கணத்தில் கார் கண்ணாடியாக ஜொலிப்பதும் பிரத்தியட்சமே. ஆனால் நாலைந்து முறை கழுவியபின், இரவில் பெட்ரோல் பங்க்கின் விளக்கொளியில் அதே பானட்டைப் பாருங்கள்: சிலந்தி வலையாக வட்ட வட்டக் கீறல்கள் தெரியும். பூச்சு மெல்லியதாக இருக்கும் கதவின் விளிம்பிலும் பானட்டின் மடிப்பிலும் மெஷின் ஒரு கணம் கூடுதலாக நின்றால், நிறமே தேய்ந்து பிரைமர் எட்டிப் பார்க்கும். வருஷந்தோறும் இப்படிச் செய்துவந்தால் கிளியர் கோட் மெலிந்து, வெயிலுக்குத் தாங்காமல் செதில் செதிலாக உரியும். அப்பால் எந்த மெழுகாலும் பிரயோஜனமில்லை, புதிதாகப் பெயிண்ட் அடிப்பது ஒன்றே கதி.

முறையறிந்த ஒருவர் பேஸ்ட் மெழுகை மெஷினால் பூசுவதை அருகிலிருந்து கவனித்தால், அது எவ்வளவு நிதானமான காரியம் என்பது விளங்கும். வண்டியை நிழலில் நிறுத்தி, ஷாம்பு போட்டுக் கழுவி, மண் துகள் தங்காமல் துடைத்தபின், புறங்கையைப் பானட்டில் வைத்துச் சூடு ஆறியதா என்று முதலில் சோதிக்கிறார். ஆறாத தகட்டில் பேஸ்ட்டிலுள்ள கரைப்பான் சட்டென்று ஆவியாகி, மெழுகு திட்டுத் திட்டாய் ஒட்டிக்கொண்டு துடைக்க வராது. கறுப்பு பிளாஸ்டிக் பாகங்களில் பட்டால் வெள்ளையாகப் படியுமாதலால் அவற்றை டேப் ஒட்டி மறைக்கிறார். சுழற்சியோடு அசைவும் சேர்ந்து, சூடு ஓரிடத்தில் சேராதபடி இயங்கும் டூயல் ஆக்‌ஷன் மெஷினில் மிருதுவான நுரைப் பேடை மாட்டி, அதில் மெழுகைக் கொஞ்சமாகத் தடவி, பேடைத் தகட்டின்மேல் வைத்த பிறகே ஸ்விட்சைப் போடுகிறார். இல்லையேல் மெழுகு நாலாபுறமும் தெறிக்கும். வேகம் மிகக் குறைவு; அழுத்தத்துக்கு யந்திரத்தின் எடையே போதும். ஒரு வரிசையின் பாதியை அடுத்த வரிசை மூடும்படி நெடுக்கிலும் குறுக்கிலும் ஓட்டிவிட்டு, ஈரம் வற்றி மெழுகு வெளுக்கும்வரை காத்திருந்து, விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்க்கிறார். கோடு தெளிவாக விழுந்தால் மைக்ரோஃபைபர் துணியால் துடைக்கிறார். தையலும் முடிச்சும் உள்ள பனியன் வேஸ்ட் அந்தப் பரப்பைக் கீறிவிடும் என்பதை அவர் அறிவார்.

இந்த மெழுகுகளில் உத்தமமானதாகக் கருதப்படும் கார்னோபா, பிரேசில் தேசத்தின் வடகிழக்கில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலைமீது, வறட்சியில் நீர் ஆவியாகாதபடி இயற்கையே பூசிவைத்த கவசம். 80 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் அது உருகும். அக்கினி நட்சத்திரத்து வெயிலும், பூந்தமல்லிச் சாலையில் எழும் புழுதியும், போர்வெல்லின் உப்பு நீரும், வேப்பமரத்தடியில் விழும் காக்கை எச்சமும் நேரே கிளியர் கோட்டைத் தொடாமல் இந்தப் படலம் ஓரளவு தடுக்கும். சில மாதங்களில் அது தேய்ந்துபோனால் மறுபடி பூசிக்கொள்ளலாம். அசல் பூச்சுக்கு ஹானி ஏதுமில்லை.

கையாலேயே பூசலாமே, மெஷின் எதற்கு என்பவர்களுக்கு, தாராளமாகப் பூசலாம் என்பதே என் பதில். மெஷினின் உபகாரம், மெழுகு மெல்லியதாகவும் சமமாகவும் பரவுவதும், தொழிலாளியின் தோள் வலிக்காமல் இருப்பதுமே. வாடிக்கையாளர் உடனடிப் பளபளப்பைத்தானே கேட்கிறார் என்பது கடைக்காரர்களின் சமாதானம். ஆனால் பூச்சின் முதல் தர்மம் ரக்ஷணையே என்பதற்கு ஆவடியே சாட்சி: அங்கே உருவாகும் டாங்கிகளுக்குப் பூசுவது, சத்துருவின் கண்ணில் படாதிருக்கும்பொருட்டுப் பளபளப்பே இல்லாத பெயிண்ட், அதுவும் உலோகத்தைக் காத்துத்தான் நிற்கிறது.

இந்தப் பக்கத்துக் கார்களில் பெரும்பாலானவை செல்வர்களின் அலங்காரப் பொருள்கள் அல்ல. வங்கிக் கடனில் வாங்கிய குடும்ப வண்டிகளும், சொந்தமாக ஓட்டிப் பிழைப்போரின் டாக்ஸிகளும்தான். அந்த வண்டியை விற்கும் நாளில் அதன் நிறமும் விலையில் ஒரு பங்கு. பழைய கார் வாங்குவோரும், விற்பனைக்காக அவசரமாகக் காம்பவுண்டு போட்ட பளபளப்பில் மயங்கி ஏமாறுகிறார்கள். பூச்சின் கனத்தை அளக்கும் சிறு கருவி ஒன்று அந்த மயக்கத்தைத் தெளிவித்துவிடும்.

கொட்டகையில் வேலை செய்யும் பையன்களைக் குறை கூறுவதில் நியாயமில்லை. கற்றுக்கொடுக்காததைச் செய்யவில்லை என்று எவரையும் கடிந்துகொள்ள முடியாது. காம்பவுண்டுத் தூளுக்கு நடுவே முகக்கவசமும் இன்றி நிற்கும் அவர்களுக்கு, அம்பத்தூர் அரசினர் தொழிற்பயிற்சி நிலையம் போன்ற ஸ்தாபனங்கள் இந்தக் கலையைக் குறுகியகாலப் பயிற்சியாகவேனும் அளிக்க வேண்டும். கடைக்காரர்கள் காம்பவுண்டு வேலைக்கும் மெழுகு வேலைக்கும் தனித்தனியே கட்டணம் எழுதி வைக்க வேண்டும். வண்டிக்காரர்களோ, சாவியைக் கொடுக்குமுன் எதைப் போடப் போகிறீர்கள் என்று கேட்டு, அவசியமில்லாத காம்பவுண்டை வேண்டாமென்று சொல்லி, நிதானமான வேலைக்குரிய கூலியை மனமுவந்து கொடுக்க வேண்டும். அளந்து செய்யும் தொழிலால் பெயர் பெற்ற ஊருக்கு, அளந்து செய்விப்பதும் கடமையே.