முதல் சீட்டு யார் பெயரில்?

நமக்குத் தெரிந்த மில் தொழிலாளி ஒருவர். மனைவிக்கு இரண்டு முறை கரு கலைந்தது. பிறகு மூன்றாண்டுகளாகக் கரு தங்கவேயில்லை. உடனே ‘மலடி’ப் பட்டம், இரண்டாந்தாரப் பேச்சு! அவரைப் பரிசோதித்தார்களா என்று கேட்டோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஆரம்பத்தில் கலையும் கருக்களில் பெரும்பகுதி கருவிலுள்ள குறையாலேயே கலைகிறது. அவள் குடம் தூக்கியதால் அல்ல. குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப்பேரிடம் ஆணின் குறையும் உண்டு. இதில் ஆண்மைக்கு என்ன இழுக்கு? 1977-ல் கலிபோர்னியாவில் பூச்சிமருந்து ஆலைத் தொழிலாளர்கள், தங்களுக்குப் பிள்ளை பிறக்காததைக் கவனித்துப் பரிசோதனை செய்துகொண்டார்கள். ஆலையில் தயாரான டி.பி.சி.பி. என்ற நஞ்சு விந்தணுவை அழித்தது அம்பலமாயிற்று.

விந்துப் பரிசோதனைக்குக் கத்தியுமில்லை, ஊசியுமில்லை. மனைவியை மட்டும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் தோழரே, நீங்களும் கூடப் போங்கள். முதல் சீட்டை உங்கள் பெயரில் வாங்குங்கள்.