சிக்கனம் செய்ய வழி எங்கே?

கோடை பிறந்தால் போதும், மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடுங்கள் என்ற உபதேசம் கிளம்பிவிடுகிறது. மின்சாரம் நாட்டின் சொத்து. அதை வீணாக்கக் கூடாது என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் சிக்கனம் செய்யும் வசதி யாரிடம் இருக்கிறது என்பதே நமது கேள்வி.

பெரும்பாக்கத்தின் எட்டடுக்குக் குடியிருப்புகளைப் பாருங்கள். நகரத்து ஆற்றோரங்களிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட உழைப்பாளிக் குடும்பங்கள் அங்கே வாழ்கின்றன. பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் இரவில் அனலைக் கக்குகிறது. விசிறியை நிறுத்தினால் குழந்தை தூங்காது. இவர்களிடம் போய் விசிறியை அணையுங்கள் என்பது நியாயமா?

அணைக்க வேண்டியதில்லை, மாற்றினால் போதும். சாதாரண விசிறி 75 வாட் மின்சாரம் இழுக்கிறது. பி.எல்.டி.சி. மோட்டார் பொருத்திய விசிறிக்கு ஏறக்குறைய 30 வாட் போதும். தினம் 16 மணி நேரம் ஓடினால், இரண்டு மாதத்தில் முன்னது 72 யூனிட், பின்னது 29 யூனிட். ஒரு விசிறியில் 43 யூனிட் மிச்சம்! ஆனால் புது விசிறியின் விலை பழையதைவிட மிக அதிகம். அன்றாடக் கூலிக்காரர் அந்தப் பணத்துக்கு எங்கே போவார்? கையில் காசுள்ளவன் சேமிக்கிறான். இல்லாதவன் கூடுதலாகக் கட்டுகிறான்.

வாடகைக்குக் குடியிருப்போர் நிலை இன்னும் மோசம். விசிறி வீட்டுக்காரருடையது, பில் குடியிருப்பவருடையது. பிறகு வீட்டுக்காரர் ஏன் மாற்றப் போகிறார்? 2016ல் அறிவிக்கப்பட்ட 100 யூனிட் இலவசச் சலுகைகூடப் பல வீடுகளில் வாடகைதாரரை எட்டவில்லை. யூனிட்டுக்கு வீட்டுக்காரர் வைத்ததே விலை.

இதற்குப் பரிகாரம் இல்லையா? உண்டு. எல்.இ.டி. பல்பின் சரித்திரமே சாட்சி. 2014ல் பொதுத்துறை நிறுவனம் ஒரு பல்பை 310 ரூபாய்க்குக் கொள்முதல் செய்தது. கோடிக்கணக்கில் மொத்தமாக வாங்கத் தொடங்கியதும், 2016ல் அது 38 ரூபாய்க்கு இறங்கியது. முதலாளிகளின் மனம் இளகியதாலா விலை இறங்கியது? இல்லை. பொதுக் கொள்முதலின் பலம் அது!

விசிறிக்கும் இதே வழிதான். 2023 நவம்பரில் மத்திய சர்க்கார் ஒரு கோடி விசிறிகளுக்கான திட்டத்தை அறிவித்தது. அதன் முதல் பங்கு வாரியக் குடியிருப்புகளுக்கே சேர வேண்டும். இனாம் கேட்கவில்லை, மின்கட்டணத்தோடு சிறு தவணையாகக் கட்ட மக்கள் தயார். இதனால் சர்க்காருக்கும் லாபமே. மானியம் தந்து வழங்கும் மின்சாரத்தில் ஒரு யூனிட் மிச்சமானால் மானியச் சுமையும் குறைகிறது.

ஆகவே நாம் கோருவது இது. தவணையில் விசிறி வேண்டும். அது பழுதானால் பக்கத்திலேயே ரிப்பேர் செய்ய ஏற்பாடு வேண்டும். மேல்மாடிக் கூரைகளுக்கு வெயிலைத் தடுக்கும் வெள்ளைப் பூச்சு வேண்டும். வாடகைதாரருக்கு வாரியம் விதித்த கட்டணமே அமலாக வேண்டும்.

நம் பங்குக்கு, எஞ்சியிருக்கும் குண்டு பல்புகளைக் கழற்றி எறிவோம். அத்துடன் நின்றுவிடாமல், குடியிருப்போர் சங்கங்கள் வீடு வீடாகக் கையெழுத்துத் திரட்டி மகஜர் கொடுக்கட்டும். உபதேசம் கேட்டது போதும், உரிமையைக் கேட்போம்!