பொதுப் பணமும் பிடிக்காத பேச்சும்

மொட்டைக் கடுதாசி என்பது ஒரு காலத்தில் கர்ணத்தை மாற்றுவதற்கும் கல்யாணத்தைக் கலைப்பதற்குந்தான் பயன்பட்டு வந்தது. 2015-ஆம் வருஷம் மே மாதத்தில் அது ஒரு மாணாக்கர் சங்கத்தையே கலைக்கப் பார்த்தது.

சென்னை ஐ.ஐ.டி.யில் 2014-இல் தோன்றிய அம்பேத்கர் - பெரியார் வாசகர் வட்டத்தைச் சொல்கிறேன். மத்திய சர்க்காரின் கொள்கைகளைக் கண்டித்து அவ்வட்டத்தார் துண்டுப் பிரசுரம் வெளியிட்டனர். பெயரில்லாத கடிதம் ஒன்று டில்லிக்குப் போயிற்று. டில்லி அதை ஐ.ஐ.டி.க்கு அனுப்பி அபிப்பிராயம் கேட்டது. உடனே சங்கத்தின் அங்கீகாரம் ரத்தாயிற்று! விதிகளை மீறினார்கள் என்றது நிர்வாகம். தங்களை விசாரிக்கவே இல்லை என்றனர் மாணாக்கர். நாடெங்கும் கூச்சல் எழுந்த பிறகு, ஜூன் 7-ந் தேதி அங்கீகாரம் திரும்பி வந்தது.

கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயில் வாசலில் இந்தப் பேச்சு எழுந்தபோது பெரியவர் ஒருவர், "வாத்தியார் ஸார், ஜனங்களின் வரிப்பணத்தில் படிக்கிற பிள்ளைகள் சர்க்காரையே ஏசலாமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் எதிர்க்கட்சிக்கு வோட்டுப் போட்டவனும் துணிக்கும் சோப்புக்கும் வரி கொடுக்கிறான் அல்லவா?

இதே வழக்கு அமெரிக்காவிலும் நடந்தது. விஸ்கான்ஸின் சர்வகலாசாலையில் ஒவ்வொரு மாணாக்கரும் வருஷத்துக்கு 331 டாலர் சொச்சம் கட்டாயக் கட்டணம் செலுத்தினர்; அதில் ஒரு பகுதி சங்கங்களுக்குப் போயிற்று. "எனக்குப் பிடிக்காத கொள்கைக்கு என் பணமா?" என்று சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள். 2000-ஆம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட், கட்டணம் வசூலிக்கலாம், ஆனால் கொள்கையைப் பார்த்துப் பங்கிடக் கூடாது என்று தீர்ப்பளித்தது. 1995-இல் வர்ஜீனியாவில் ஒரு கிறிஸ்தவ மாணாக்கர் பத்திரிகைக்கு அச்சுக்கூலி மறுத்தது தவறென்று சொன்னதும் அதே கோர்ட்டுதான். ஆக, இந்த விதி இடதுசாரிக்கோ வலதுசாரிக்கோ தனிச் சொத்தல்ல.

விஸ்கான்ஸின் வழக்கில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. எந்தச் சங்கத்துக்குப் பணம் என்பதை மாணாக்கர் வோட்டெடுத்தே முடிவு செய்யவும் அங்கே வழி இருந்தது. கேட்பதற்கு ஜனநாயகமாகத்தான் இருக்கிறது! கோர்ட் அதை ஏற்கத் தயங்கிற்று. நூறு பேரில் தொண்ணூறு பேருக்குப் பிடித்த பேச்சுக்குப் பாதுகாப்பு எதற்கு? மற்றப் பத்துப் பேருக்கல்லவா அது வேண்டும்?

எங்கள் பக்கத்திலிருந்து காலேஜுக்குப் புறப்படும் பிள்ளையிடம் தாயார் கட்டுச்சோற்றோடு கொடுத்தனுப்பும் புத்திமதி, "சங்கம் கிங்கம் என்று எதிலும் சேர்ந்துவிடாதே, அப்பா!" என்பதுதான். அந்த அம்மாளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சங்கத்தாரை நேரில் அழைத்து விசாரிப்பதும், மொட்டைக் கடுதாசியைக் குப்பைக்கூடையில் போடுவதும் எல்லாக் கலாசாலைகளிலும் வழக்கமாகும் வரையில் அவருக்கு நான் என்ன சமாதானம் சொல்வது?