உறுப்பினர் என்று சொல்வதில் என்ன கூச்சம்?

லண்டன் மாநகரக் காவல் துறை 2025 டிசம்பரில் ஒரு விதியைக் கொண்டுவந்தது. காவலரோ அலுவலகப் பணியாளரோ, உறுப்பினர் பட்டியலை வெளியிடாத ஃப்ரீமேசன் சங்கத்தில் உறுப்பினராக இருந்தால், முன்பு எப்போதாவது இருந்திருந்தாலும்கூட, அதைத் துறையிடம் தெரிவித்துவிட வேண்டும். அவ்வளவுதான். யாரையும் விலகச் சொல்லவில்லை. இனிமேல் சேரக் கூடாது என்றும் சொல்லவில்லை. இதற்குத்தான் 1717இல் தொடங்கிய மரபுக்கு வாரிசு என்று சொல்லிக்கொள்ளும் ‘இங்கிலாந்தின் ஐக்கியப் பெரிய லாட்ஜ்’ என்ற மேசன்களின் தலைமை அமைப்பு நீதிமன்றப் படியேறியது (மேசன்கள் தங்கள் கிளையை ‘லாட்ஜ்’ என்பார்கள்). பெண் மேசன்களின் அமைப்புகளும் கூடச் சேர்ந்துகொண்டன. கடவுள் நம்பிக்கை உள்ளவர்களே உறுப்பினராக முடியும் என்பதால், இந்த விதி மதப் பாகுபாடாம். வழக்கமாக ‘நாங்கள் மதமல்ல, மதத்துக்கு மாற்றும் அல்ல’ என்று விளக்கம் கொடுப்பவர்கள் இவர்கள்.

குற்றவாளிகளோடு ஒரே பட்டியலில் எங்களைச் சேர்ப்பதா என்பது அடுத்த புலம்பல். தண்டனை பெற்றவர்கள், காவல் துறையிலிருந்து நீக்கப்பட்டவர்கள், தனியார் துப்பறிவாளர்கள் ஆகியோரோடு தொடர்பு இருந்தால் லண்டன் காவலர் முன்பே தெரிவிக்க வேண்டியிருந்தது உண்மை. அதே பட்டியலில் என்னைப் போன்ற பத்திரிகையாளர்களும் உண்டு. நாங்கள் யாரும் மானநஷ்டம் என்று கோர்ட்டுக்குப் போகவில்லை.

இந்த விதி வானத்திலிருந்து விழவில்லை. 1987 மார்ச் 10 அன்று, தென்கிழக்கு லண்டனில் ஒரு மதுக்கடையின் கார் நிறுத்துமிடத்தில் டேனியல் மோர்கன் என்ற தனியார் துப்பறிவாளர் கோடாரியால் கொல்லப்பட்டார். விசாரணை மேல் விசாரணை நடந்தும், கொலைக்காக இன்றுவரை ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. முதல் விசாரணையை ஊழல் கெடுத்துவிட்டது என்று காவல் துறையே பிற்பாடு ஒப்புக்கொண்டது. 2021 ஜூனில் அறிக்கை கொடுத்த சுயேச்சைக் குழு ‘நிறுவனரீதியான ஊழல்’ என்று குற்றஞ்சாட்டியது. இந்த வழக்கில் முக்கியப் பங்கு வகித்த காவல் அதிகாரிகளில் பத்துப் பேர் ஃப்ரீமேசன்கள் என்பதையும் அக்குழு பதிவுசெய்தது. மேசன் தொடர்பு விசாரணையைக் கெடுக்கப் பயன்பட்டதற்குச் சான்று கிடைக்கவில்லை என்றும் அதே அறிக்கை சொல்கிறது. மேசன்கள் இந்த இரண்டாவது வரியை மட்டும் படித்துக்காட்டுகிறார்கள். யார் உறுப்பினர் என்றே பதிவில்லாத இடத்தில் சான்று எங்கிருந்து கிடைக்கும்?

இந்தச் சங்கத்தைப் பற்றி எனக்குக் கேள்வி ஞானம் மட்டுமல்ல, வீட்டு ஞானமும் உண்டு. என் பெரியப்பா ஒரு மேசன். அரசுப் பொறியாளராக இருந்தவர். மாதத்தில் ஒரு மாலை கறுப்பு கோட்டு மாட்டிக்கொண்டு, சின்னத் தோல் பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். பெட்டிக்குள் நீல விளிம்பு வைத்த வெள்ளை ஆட்டுத்தோல் ஏப்ரன் ஒன்றும் ஒரு ஜோடி வெள்ளைக் கையுறையும் இருக்கும். பூச்சி அரிக்காமல் இருக்கப் பெரியம்மா அதில் அந்துருண்டை போட்டு வைப்பார். ‘அங்க போய் என்ன செய்வீங்க பெரியப்பா?’ என்று நாங்கள் கேட்டால், ‘சாப்பிடுவோம்டா’ என்பார். ‘சாப்பிடறதுக்கு எதுக்குக் கையுறை?’ என்று சமையலறையிலிருந்து பெரியம்மாவின் குரல் வரும். (தென்னிந்தியர்கள் மேசன் கூடத்தைத் ‘தலைவெட்டிக் கோயில்’ என்று சொல்வதாக 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி குறித்திருக்கிறது. சேருகிறவரின் தலையை வெட்டி மறுபடி ஒட்டவைப்பார்களாம். சிறுவயதில் தெரிந்திருந்தால் பெரியப்பாவின் கழுத்தை உற்றுப் பார்த்திருப்போம்.)

பெரியப்பா ஓய்வு பெறும் முன்பே இறந்துபோனார். அவருடைய மகள்களான அக்காக்கள் இருவரும் அப்போது படித்துக்கொண்டிருந்தார்கள். படிப்பு முடியும்வரை அவர்களுடைய கல்லூரிக் கட்டணத்தைக் கட்டியவர்கள் அவருடைய லாட்ஜ் நண்பர்கள்தான். அதைப் பற்றி வெளியே ஒரு வார்த்தை பேசியதில்லை. எங்கள் வீட்டில் அந்த நன்றி இன்றும் இருக்கிறது. ஆனால், துக்கத்துக்கு வந்து நின்ற அந்தச் ‘சகோதரர்’களில் ஒருவர் ஒப்பந்ததாரர். பெரியப்பா கையெழுத்துப் போட்டால்தான் அவருடைய பில் பாஸாகும். பெரியப்பா நேர்மையானவர் என்று நான் நம்புகிறேன். நான் அவருடைய தம்பி மகன், நம்பத்தான் செய்வேன். டெண்டரில் தோற்றுப்போன மற்ற ஒப்பந்ததாரர்கள் எதற்காக நம்ப வேண்டும்?

மேசன்கள் பதில் சொல்லாமல் நழுவும் இடம் இதுதான். கேட்டால் தர்மக் கணக்கைக் காட்டுவார்கள். விவேகானந்தர் உறுப்பினராக இருந்தார், மோதிலால் நேரு இருந்தார் என்பார்கள். ஆற்காடு நவாபின் மகன் உம்தத்-உல்-உமாரா 1770களில் நம் திருச்சிராப்பள்ளியில்தான் மேசனாக்கப்பட்டார், வெள்ளைக்காரர் காலத்திலேயே எங்களிடம் பேதமில்லை என்பார்கள். பேதமில்லாத அதே சங்கத்தில் பிரசன்ன குமார் தத் என்ற வங்காளி, இந்து என்பதற்காகப் பல ஆண்டுகள் தடுக்கப்பட்டு, 1872இல்தான் உள்ளே நுழைந்தார்.

‘சகோதரனின் ரகசியத்தைக் காப்பேன் என்ற எங்கள் உறுதிமொழியிலேயே கொலை, தேசத்துரோகம், பெருங்குற்றம் எல்லாம் விலக்கப்பட்டிருக்கின்றன’ என்பது இன்னொரு வாதம். உண்மைதான். தொண்டையை அறுப்பது, நாக்கைப் பிடுங்குவது போன்ற பழைய தண்டனை வாசகங்களையும் 1986இல் உறுதிமொழியிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனால், தேசத்துரோகத்தை மறைத்துக்கொடு என்று யார் போய்ச் சகோதரனிடம் கேட்கப்போகிறார்கள்? துறை விசாரணைக் கோப்பை ஆறு மாதம் மேசையிலேயே வைத்திரு, பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயரை ஒரு படி மேலே தள்ளு, அந்தச் சாட்சியை இரண்டாம் முறை கூப்பிடாதே. இப்படிப்பட்ட உதவிகளில்தான் ஒரு காவல் துறை உளுத்துப்போகிறது. உறுதிமொழியின் விலக்குப் பட்டியலில் இவற்றில் எது இருக்கிறது?

உளுத்துப்போன ஒரு நாட்டைப் பார்க்க வேண்டுமானால் இத்தாலிக்குத்தான் போக வேண்டும். இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுக்காது. 1981 மார்ச் 17. சிந்தோனா என்ற வங்கியாளரின் மோசடியைத் துருவிக்கொண்டிருந்த மிலான் விசாரணை நீதிபதிகள், அரெஸ்ஸோ நகருக்கு அருகில் லீச்சோ ஜெல்லி என்பவரின் தொழிற்சாலை அலுவலகத்தைச் சோதனையிட ஆள் அனுப்புகிறார்கள். அங்கே ஒரு பட்டியல் சிக்குகிறது. ‘பி2’ என்ற மேசன் லாட்ஜின் உறுப்பினர் பட்டியல். மொத்தம் 962 பெயர்கள். பதவியில் இருந்த அமைச்சர்கள், நாடாளுமன்ற உறுப்பினர்கள், ராணுவத் தளபதிகள், நீதிபதிகள் எல்லாரும் அதில் இருந்தார்கள். நாட்டின் மூன்று உளவு அமைப்புகளின் தலைவர்களும் இருந்தார்கள். பிற்காலத்தில் பிரதமரான பெர்லுஸ்கோனி அப்போது வெறும் தொழிலதிபர், அவர் பெயரும் இருந்தது. இத்தாலியின் முதன்மை நாளேடான ‘கொரியரே தெல்லா சேரா’வின் முதலாளியும் ஆசிரியரும்கூட அந்தப் பட்டியலில்தான்.

பிரதமர் ஃபோர்லானி பட்டியலை வெளியிடாமல் இரண்டு மாதம் இழுத்தடித்தார். மே மாதம் வெளியானது, சில நாட்களில் அரசே கவிழ்ந்தது. அடுத்த ஆண்டு ஜூனில், அதே பட்டியலில் இருந்த ராபர்ட்டோ கால்வி என்ற வங்கித் தலைவர் லண்டன் பிளாக்ஃபிரையர்ஸ் பாலத்தின் கீழே தூக்கில் தொங்கினார். பி2 லாட்ஜை 1976லேயே இடைநீக்கம் செய்துவிட்டோம், அது எங்கள் கணக்கில் வராது என்று மேசன்கள் கைகழுவுகிறார்கள். இடைநீக்கம் செய்யப்பட்ட லாட்ஜ் ஐந்து ஆண்டுகள் ஒரு நாட்டையே உள்ளிருந்து பிடித்துவைத்திருக்கிறது என்றால், இயங்கும் லாட்ஜுகளைப் பற்றி நாம் என்ன நினைக்க வேண்டும்?

ஹிட்லரும் ஃபிராங்கோவும் மேசன்களை வேட்டையாடியதை நினைவூட்டி, பட்டியல் போடுவது அதன் முதல் படி என்று பயமுறுத்துபவர்களும் உண்டு. மேசனாக இருப்பதையே குற்றமாக்கியது ஃபிராங்கோவின் 1940ஆம் ஆண்டுச் சட்டம். லண்டன் காவல் ஆணையர் மார்க் ரௌலி கேட்பது ஒரு தகவல். இரண்டையும் ஒப்பிடுகிறவர்களோடு விவாதிக்க எனக்கு நேரமில்லை.

பிரிட்டன் இதை ஏற்கெனவே முயன்று பார்த்திருக்கிறது. 1998 முதல் புதிதாக நியமிக்கப்படும் நீதிபதிகள் மேசனா இல்லையா என்று தெரிவிக்க வேண்டியிருந்தது. 2009இல் அதைக் கைவிட்டார்கள். காரணம், இத்தாலிய மேசன்கள் ஸ்ட்ராஸ்பர்க் மனித உரிமை நீதிமன்றத்தில் பெற்ற வெற்றிகள். 2001 தீர்ப்பு சரியானது. நான் மேசன் அல்ல என்று எழுதிக்கொடுத்தால்தான் பதவி என்ற மார்க்கே மாகாணச் சட்டம் அக்கிரமம். 2007 தீர்ப்புதான் சிக்கல். பதவிக்கு வருகிறவர்களிடம் மேசன்களை மட்டும் குறிப்பிட்டு ஏன் கேட்கிறீர்கள், மற்ற அமைப்புகளை ஏன் கேட்கவில்லை என்றது நீதிமன்றம். நல்ல கேள்வி. அதற்கு விடை, கேட்பதை நிறுத்துவது அல்ல. எல்லோரையும் கேட்பதுதான். லண்டன் விதியும் உறுப்பினர் பட்டியலை ரகசியமாக வைத்து, ஒருவரையொருவர் ஆதரிக்கக் கட்டுப்படுத்தும் எந்த அமைப்புக்கும் பொருந்தும்படிதான் எழுதப்பட்டிருக்கிறது.

அந்தக் கேள்வி நம் ஊருக்கும் உரியது. எழும்பூரில் நூறாண்டுப் பழமையான மேசன் மண்டபம் நிற்கிறது. ஆனால், இங்கே ஒரு கோப்பை நகர்த்தவும் நிறுத்தவும் வல்லமை படைத்தது மேசன் கைகுலுக்கல் அல்ல என்பது தாலுகா அலுவலகத்தில் ஒரு முறை காத்திருந்தவருக்கும் தெரியும். சாதிச் சங்கம், நுழைவுக் கட்டணம் லட்சங்களில் இருக்கும் கிளப், மடம், ஒரே பயிற்சி மையத்தில் படித்தவர்களின் வாட்ஸ்அப் குழு என்று நம்மிடம் லாட்ஜுகளுக்குப் பஞ்சமில்லை. மத்திய அரசு ஊழியர்கள் ஆர்.எஸ்.எஸ். நடவடிக்கைகளில் பங்கேற்க 1966 முதல் இருந்த தடையை 2024 ஜூலையில் நீக்கினார்கள். நீக்கியது சரியா தவறா என்று ஊரே சண்டை போட்டது. பங்கேற்பவர் அதைத் தெரிவிக்கவாவது வேண்டாமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். அதிகாரிகள் ஆண்டுதோறும் ஜனவரி 31க்குள் தங்கள் அசையாச் சொத்துக் கணக்கைத் தர வேண்டும். அந்தப் படிவத்தில் ஒரே ஒரு பத்தியைக் கூடுதலாகச் சேர்க்கட்டும்: எந்தெந்தச் சங்கத்தில், கிளப்பில், சாதி அமைப்பில் நீங்கள் உறுப்பினர்? ஒன்றிய அரசு தயங்கினால், தன் கட்டுப்பாட்டில் உள்ள துணைக் கண்காணிப்பாளர்கள், வட்டாட்சியர்கள், பொறியாளர்களிடமிருந்து தமிழ்நாடு அரசு தொடங்கட்டும். இதற்கு யாரெல்லாம் நீதிமன்றத்துக்கு ஓடுகிறார்கள் என்பதையும் குறித்துவைத்துக்கொள்ளட்டும்.