விசா மறுப்பு துணைத் தேர்வு அல்ல



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் வெளிநாட்டுப் படிப்புப் பேச்சு நடக்கிறவர்கள் பொறுமையாகக் கடைசி வரை படியுங்கள்.

போன ஞாயிறு சாயங்காலம் என் பழைய மாணவன் ஒருவன் அவன் அப்பாவோடு வீட்டுக்கு வந்தான். பெயர் வேண்டாம். அவனிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பொறியியல் முடித்து, நம்ம குருபரப்பள்ளி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் இரண்டு வருடம் வேலை பார்த்தவன். அமெரிக்காவில் முதுநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்தது. விசா நேர்முகத்தில் மறுத்துவிட்டார்கள். பதினைந்தே நாளில் மறுபடி விண்ணப்பித்தான். மறுபடியும் மறுப்பு.

அப்பா கேட்டார்: "சார், மூணாவது தடவை போடலாமா? ஏஜென்ட் இந்தத் தடவை கண்டிப்பா வாங்கித் தர்றேன்னு சொல்றாரு. மாந்தோப்புக்கு ஆள் பார்த்துட்டேன், அட்வான்ஸ் வாங்கறது ஒண்ணுதான் பாக்கி."

எனக்குப் பகீர் என்றது. காரணம் மாந்தோப்பு மட்டுமல்ல. அந்த முதல் மறுப்பில் என் பங்கும் இருந்தது.

ஆமாம். நேர்முகத்துக்கு முன் அவனைத் தயார் செய்ததே நான்தான். முப்பது கேள்வி, முப்பது பதில் எழுதிக் கொடுத்து, பொதுத் தேர்வுக்கு ஐந்து மதிப்பெண் வினாவை ஒப்பிக்க வைக்கிற மாதிரி மனப்பாடம் செய்ய வைத்தேன். அவனும் நல்ல பிள்ளை, ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பித்தான். இரண்டு நிமிடத்தில் கையில் ஒரு தாளைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதில் இருந்தது 214(பி) என்ற சட்டப் பிரிவு.

பிறகுதான் உட்கார்ந்து அந்தப் பிரிவைப் படித்தேன். முதலிலேயே படித்திருக்க வேண்டும்.

அது 1952ஆம் ஆண்டுக் குடியேற்ற, குடியுரிமைச் சட்டத்தில் வருவது. மாணவர் விசா கேட்டு வருகிற ஒவ்வொருவரும் அங்கேயே தங்கிவிட வருகிறவர் என்றுதான் அதிகாரி ஆரம்பத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும். 'இல்லை, நான் படிக்கத்தான் வருகிறேன்' என்று நிரூபிக்கும் பொறுப்பு நம்முடையது. நீதிமன்றத்தில் குற்றம் நிரூபிக்கப்படும் வரை நிரபராதி என்பார்கள் அல்லவா, இங்கே அது தலைகீழ்.

நம் ஊரில் பலரும் விசா மறுப்பைப் பிளஸ் டூவில் ஒரு பாடம் போன மாதிரி நினைக்கிறார்கள். துணைத் தேர்வு எழுதினால் போச்சு என்கிறார்கள். இங்கே முப்பத்தைந்து மார்க் என்று ஒரு கோடு கிடையாது. மறுகூட்டல் கிடையாது, மறுமதிப்பீடு கிடையாது. 214(பி) மறுப்புக்கு மேல்முறையீடே இல்லை. திரும்பப் போக வேண்டுமென்றால் புது விண்ணப்பம், புதுக் கட்டணம், புது நேர்முகம். கட்டணம் 185 டாலர், திரும்பி வராது. செவிஸ் கட்டணம் 350 டாலர் மட்டும், மறுப்பு வந்த 12 மாதத்துக்குள் அதே வகை விசாவுக்குப் போனால் மறுபடி கட்ட வேண்டியதில்லை. இது தெரியாமல் இரண்டாவது முறையும் கட்டியவர்கள் உண்டு.

எத்தனை நாள் கழித்துப் போகலாம் என்று கேட்பீர்கள். மறுநாளே கூடப் போகலாம், சட்டத்தில் தடையில்லை. ஆனால் போன முறை என்ன பேசினோம், ஏன் மறுத்தார்கள் என்ற குறிப்பு அவர்கள் கணினியில் இருக்கும். புது அதிகாரி முதலில் பார்ப்பது அதைத்தான். 'அன்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறியிருக்கிறது?' என்பதுதான் அவர் மனதில் உள்ள கேள்வி. என் மாணவன் பதினைந்து நாளில் மாற்றியது சட்டையை மட்டும்தான். பதில் அதே பதில், நான் எழுதிக் கொடுத்த பதில்.

ஆகவே என் கருத்து இது: ஏன் மறுத்தார்கள் என்பதற்கு நேர்மையான ஒரு பதில் உங்களிடம் இல்லாதவரை மறுவிண்ணப்பம் போடாதீர்கள். பதில் கிடைத்துவிட்டால் பயப்படாமல் போடுங்கள்.

அந்தப் பதிலை எப்படித் தேடுவது? மூன்று இடத்தில் தேடச் சொல்கிறேன்.

முதலாவது, படிப்பு. ஏன் இந்தப் பாடம், ஏன் இப்போது? அன்றைக்கு அவனிடம் நான் கேட்டேன்: "டேய் தம்பி, என் நோட்டை மூடி வை. நீ எதுக்குடா மறுபடி படிக்கப் போற? தமிழ்லயே சொல்லு." கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். அப்புறம் ஆரம்பித்தான். மின் வாகன சார்ஜர் பகுதியில் தரப் பரிசோதனை பார்த்திருக்கிறான். வெயில் காலத்தில் சூடு ஏறி யூனிட்டுகள் திரும்பி வருமாம். ஏன் என்று கேட்டால், டிசைன் எல்லாம் வெளிநாட்டில், நாம் கோத்துக் கொடுப்பதோடு சரி என்பார்களாம். "அந்த டிசைன் பண்ணக் கத்துக்கணும் சார். இங்க ஓசூர், சூளகிரி, போச்சம்பள்ளின்னு சுத்தி எல்லாம் மின் வண்டிதான் வருது. கத்துக்கிட்டு வந்தா எனக்கு வேலை இங்கயே இருக்கு."

பத்து நிமிடம் நிறுத்தாமல் பேசினான். அவன் அப்பா வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு நேர்முகத்திலும் இதில் ஒரு வரி கூட அவன் சொல்லவில்லை. 'தங்கள் பல்கலைக்கழகம் உலகத் தரம் வாய்ந்தது' என்று என் வரியைத்தான் சொல்லியிருக்கிறான். படிக்கப் போகும் காரணமும், திரும்பி வரும் காரணமும் அவனுக்குள்ளேயே இருந்தது. அதை மூடி மறைத்தது இந்த வாத்தியார் எழுதிக் கொடுத்த தாள்.

இரண்டாவது, பணம். முதல் வருடச் செலவு இவ்வளவு என்று பல்கலைக்கழகம் ஐ-20 படிவத்தில் எழுதியிருக்கும். அதை யார், எந்த வருமானத்தில் கட்டுவார் என்று பையனுக்கே தெரிந்திருக்க வேண்டும். ஏஜென்ட் இங்கே ஒரு வழி சொல்லியிருக்கிறார்: வேறு யாரோ ஒருவர் பணத்தை ஒரு மாதம் அப்பா கணக்கில் போட்டுக் காட்டிவிட்டு எடுத்துக்கொள்வார்கள், அதற்குக் கமிஷன். வேண்டவே வேண்டாம். மாதம் முப்பதாயிரம் வருகிற கணக்கில் திடீரென்று நாற்பது லட்சம் வந்து நின்றால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கே சந்தேகம் வரும். வங்கியின் கல்விக் கடன் ஒப்புதல் கடிதம், வருமான வரிக் கணக்கு, உண்மையான சேமிப்பு, இவை குறைவாக இருந்தாலும் விளக்கிவிடலாம். இரவல் பணத்தை விளக்க முடியாது.

மூன்றாவது, உண்மை. விண்ணப்பப் படிவமான டிஎஸ்-160இல் 'இதற்கு முன் உங்களுக்கு அமெரிக்க விசா மறுக்கப்பட்டதா' என்று ஒரு கேள்வி உண்டு. 'இல்லைன்னு போட்ருங்க, யார் பார்க்கப் போறா' என்று சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள். பத்து விரல் ரேகையும் அவர்களிடம் இருக்கிறது, அப்பா! 214(பி) மறுப்பு நிரந்தரத் தடை இல்லை, நிலைமை மாறினால் கதவு திறக்கும. ஆனால் பொய் சொல்லியோ போலிச் சான்று கொடுத்தோ மாட்டினால் அது வேறு பிரிவு, வாழ்நாள் தடை வரை போகும். சின்னக் காயத்தைப் பெரிய நோயாக்கிக்கொள்ளாதீர்கள்.

அமெரிக்கா மட்டும்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். ஜெர்மனியில் மறுப்பு வந்தால் செலவில்லாமல் மறுபரிசீலனை கேட்கும் முறை இருந்தது. 2025 ஜூலை 1 முதல் அதை எடுத்துவிட்டார்கள். இனி புது விண்ணப்பம், அல்லது பெர்லின் நிர்வாக நீதிமன்றம். ஆஸ்திரேலியாவில் மாணவர் விசாக் கட்டணமே 2025 ஜூலையிலிருந்து 2000 ஆஸ்திரேலிய டாலர். ஒவ்வொரு தவறான விண்ணப்பமும் ஒரு குடும்பத்தின் பல மாதச் சம்பளம்.

அவசரம் ஏன் வருகிறது என்றும் யோசித்தேன். ஆகஸ்டில் வகுப்பு ஆரம்பித்துவிடும் என்ற பயம். பல்கலைக்கழகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால் பெரும்பாலும் சேர்க்கையை ஜனவரிக்கோ அடுத்த ஆகஸ்டுக்கோ தள்ளி வைத்துத் தருவார்கள். ஐந்து மாதம் தள்ளிப் போவதால் வாழ்க்கை ஒன்றும் கெட்டுவிடாது. அதுவரை வேலையில் இருந்தால் அனுபவமும் கூடும், சேமிப்பும் கூடும்.

ஏஜென்ட் கட்டணம் கேட்கும் முன் சென்னையில் எஜுகேஷன் யுஎஸ்ஏ ஆலோசனை மையம் இருக்கிறது, அங்கே கேளுங்கள். பொதுவான ஆலோசனைக்குப் பணம் வாங்குவதில்லை. 'விசா கண்டிப்பாக வாங்கித் தருகிறேன்' என்று எவர் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். அந்த முடிவு அதிகாரி ஒருவர் கையில் மட்டுமே இருக்கிறது.

கடைசியாகச் சொந்தங்களுக்கு ஒரு வார்த்தை. கல்யாண வீட்டிலும் காதுகுத்திலும் அந்தப் பையனைப் பிடித்து வைத்துக்கொண்டு "என்னப்பா, ரிஜெக்ட் ஆயிடுச்சாமே?" என்று கேட்கிறோம். அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் பல வீடுகளில் பதினைந்தாம் நாளே மறுபடி பணம் கட்டுகிறார்கள். 2024 நிதியாண்டில் உலகம் முழுக்க அமெரிக்க மாணவர் விசா கேட்டவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 41 பேருக்கு மறுப்பு என்று செய்திகளில் வந்தது. அத்தனை பேரும் மக்குகளா? அந்தத் தாள் பிள்ளையின் அறிவுக்குப் போட்ட மார்க் இல்லை. தயவுசெய்து கேட்காதீர்கள். கேட்டே ஆக வேண்டுமென்றால், "என்ன படிக்கப் போற கண்ணு?" என்று கேளுங்கள். அவனுக்கும் ஒரு பயிற்சி ஆகும்.

அவன் சேர்க்கையை ஜனவரிக்குத் தள்ளி வைக்கக் கேட்டிருக்கிறான். வேலையில் தொடர்கிறான். அவன் அப்பா மாந்தோப்புக்கு அட்வான்ஸ் வாங்கவில்லை, வங்கியில் கடனுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். மூன்றாம் முறை கிடைக்கும் என்று நான் சொல்லமாட்டேன், எனக்கு அந்த அதிகாரம் இல்லை. கிடைக்காவிட்டாலும் தோப்பு இருக்கும், வேலை இருக்கும், அவன் சொன்ன அந்தக் காரணமும் இருக்கும். இந்த முறை என் நோட்டு மட்டும் அவன் கையில் இருக்காது.

முப்பது வருடம் பிள்ளைகளை ஒப்பிக்க வைத்த ஒருவன் சொல்கிறேன்: சில கேள்விகளுக்கு நோட்ஸ் கிடையாது.

தேவைப்படுகிறவர்களுக்கு இதைப் பகிருங்கள். சந்தேகம் இருந்தால் வீட்டுக்கே வாருங்கள், சாயங்காலம் திண்ணையில்தான் இருப்பேன்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்
குருபரப்பள்ளி