மண்ணும் மணியும்

சென்ற கோடை விடுமுறையில் நண்பர் இருவருடன் யான் வேம்பக்கோட்டையை அடுத்த விஜயகரிசல்குளத்திற்குச் சென்றிருந்தேன். சிவகாசியினின்றும் பேருந்தில் ஏறினால், வழிநெடுகக் கரிசற் காட்டின் நடுவே பட்டாசு ஆலைகளின் சிற்றறைகள் ஒன்றற்கொன்று எட்டி நிற்கக் காணலாம். ஓர் அறை வெடித்தால் அடுத்த அறையேனும் பிழைக்கவேண்டுமென்று அங்ஙனம் கட்டுவர். அவற்றைக் கடந்து வைப்பாற்றங்கரையை அணுகினால், மேட்டுக்காடு என்று ஊரார் வழங்கும் பழைய மேடு வரும். தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறையார் 2022-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அதனை அகழத் தொடங்கினர். 2023-இலும் 2024-இலும் அப்பணி தொடர்ந்தது. முதற் கட்டத்திலேயே மூவாயிரத்திற்கு மேற்பட்ட பொருள்கள் வெளிவந்தன. சங்கு வளையலும், சுடுமண் பகடையும், தக்களியும், திமில் தாங்கிய காளையுருவும் அவற்றுட் சில. எல்லாவற்றினும் என் கண்ணைப் பற்றியவை கண்ணாடி மணிகளே. மிளகினும் சிறிய அவற்றுள், நூல் புகும் துளையும் நிறமும் இன்றும் கெடாமல் இருக்கின்றன.

உடன் வந்த நண்பர் ஒருவர், "தமிழர் கைத்திறனே கைத்திறன்!" என்று வியந்து கைப்பேசியிற் படம் பல எடுத்தார். திரும்பும் வழியில் சாலையோரத்தில் முதியவள் ஒருத்தி மட்சட்டிகளை அடுக்கி விற்றுக்கொண்டிருந்தாள். அவளிடம் ஒரு சட்டிக்குப் பத்து ரூபாய் குறைக்குமாறு அதே நண்பர் கால் மணி நேரம் வாதாடினார். ஈற்றில் வாங்காமலே வந்துவிட்டார். அவரைக் குறை கூறுதற்காக இதனை எழுதினேன் அல்லேன். யானும் பக்கத்தில் வாளா நின்றேன். மண்ணுக்குள் கிடைத்த குயவனை வணங்கி, மண்ணின்மேல் இருக்கும் குயவனை அறியாதிருக்கும் நம் கல்வியில் ஏதோ குறை உண்டு என்னும் எண்ணம் அன்று எனக்கு உண்டாயிற்று. தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணாக்கர் அக்குறையை நீக்கச் சூளையருகே சென்று கற்கவேண்டும் என்பது என் துணிபு.

நம் வகுப்பிற்குக் குயவர் புதியவர் அல்லர். புறநானூற்றின் 228-ஆம் பாட்டும் 256-ஆம் பாட்டும் குயவனை முன்னிறுத்திக் கூறியவை. முன்னது சோழன் கிள்ளிவளவன் மாய்ந்தபோது ஐயூர் முடவனார் பாடியது. அத்தகைய வேந்தனை அடக்கும் தாழிக்கு உலகமே சக்கரமும் மேருமலையே மண்ணும் ஆகவேண்டுமே, நீ என் செய்வாய் என்று புலவர் அவனுக்காக இரங்குகின்றார். பின்னதில், கணவனொடு காடு பல கடந்து வந்து அவனை இழந்தாள் ஒருத்தி, தானும் உடன் அடங்குமாறு தாழியைப் பெரிதாக்கும்படி வேண்டுகின்றாள். நற்றிணை 200-இல் நொச்சிமாலை சூடிய குயவன் தெருவழியே விழா அறைந்து செல்கின்றான். வேந்தர்க்குரிய 'கோ' என்னும் சொல்லே அவனுக்கும் உரித்தாயிற்று. வேட்கோ என்பதன் கூறு அது என்பர். இவற்றையெல்லாம் யாம் பிழையறக் கற்றோம். திணையும் துறையும் எழுதி மதிப்பெண்ணும் பெற்றோம். தாழி என்பதற்குப் 'பெரிய மட்கலம்' என்று பொருளெழுதிய என்னை நோக்கி, "அதனை எவ்வாறு செய்வர்?" என்று ஒருவர் வினவியிருந்தால் வாய் திறந்திரேன்.

ஆதலின் ஆனி மாதத்தில் மானாமதுரைக்குச் சென்றேன். விருதுநகரினின்றும் அருப்புக்கோட்டை வழியாக அவ்வூர்க்கு இருப்புப்பாதை உண்டு. அவ்வூர் மட்கலங்கள் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றன; அங்குச் செய்யப்படும் கடத்தை இசைவாணர் தேடி வந்து வாங்குவர். ஆண்டு முதிர்ந்த ஒருவர், என் சட்டையின் வெண்மையைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "சனிக்கிழமை வா, தம்பி, பழைய வேட்டி கொண்டு வா" என்றார். மூன்று சனிக்கிழமை சென்றேன்.

முதல் நாள் மிதித்தல் ஒன்றே வேலை. மண்ணோடு மணல் சேர்த்து, நீர் தெளித்து, காலால் மிதித்து, கையாற் பிசைந்து, இடையிடையே அகப்படும் சிறு கல்லையும் வேரையும் களைதல். மணல் எதற்கு என்று கேட்டேன். வெறும் களிமண் காயும்போது மிகச் சுருங்கி வெடிக்கும். மணல் அச்சுருக்கத்தைத் தாங்கும் என்றார். இரண்டாம் நாள் சக்கரத்தின்முன் அமர்ந்தேன். அங்கேதான் யான் இதுகாறும் அறியாத ஒன்றைக் கண்டேன். பெரியவர் சக்கரத்தில் வனைந்து நூலால் அறுத்தெடுத்த பானைக்கு அடியே இல்லை! கழுத்தும் தோளும் உண்டு; கீழே திறந்து கிடந்தது. சற்று உலர்ந்தபின் அதனை மடியில் வைத்து, உள்ளே ஒரு வழவழப்பான கல்லை ஏந்தி, வெளியே மரப்பலகையால் மெல்லத் தட்டித் தட்டி, பக்கத்து மண்ணையே இழுத்து அடியை மூடினார். நம் வீட்டுப் பானையின் உருண்ட அடி சக்கரம் தந்ததன்று. தட்டிய கை தந்தது. பத்தொன்பது ஆண்டு பானைத் தண்ணீர் குடித்தவன் இதனை அறியாதிருந்தேன்.

யான் செய்ததோ ஒரு கிண்ணம்; பானை வனையும் அளவுக்குக் கை தேறவில்லை. அதனை விடுதிக்குக் கொண்டுவந்து மொட்டைமாடியில் ஒரு வாரம் காயவைத்து, மூன்றாம் சனிக்கிழமை சூளைக்குக் கொண்டு சென்றேன். சூளை மூட்டிச் சிறிது நேரத்தில் உள்ளே 'பட்' என்றோர் ஒலி கேட்டது. மறுநாட் காலையில் சாம்பலை நீக்கிப் பார்த்தபோது பெரியவருடைய கலங்கள் யாவும் நலமே இருந்தன. என் கிண்ணம் ஒன்றே நான்கு துண்டாகியிருந்தது.

"எங்கே காயவைத்தாய், தம்பி?"

"வெயிலில்தான், ஐயா. நன்றாகக் காய்ந்திருந்தது."

"மேலே காய்ந்திருக்கும். உள்ளே ஈரம் நின்றிருக்கும். நெருப்புக்கு அந்த ஈரம் வழி கேட்டிருக்கிறது. நிழலிலே அல்லவா வைக்கவேண்டும்?"

இதன் காரணத்தைப் பின்னர் நூல்களிற் கண்டேன். 100 பாகை வெப்பத்தில் மண்ணிடை நின்ற நீர் ஆவியாகும். வழி இல்லையேல் கலத்தைப் பிளந்துகொண்டு வெளியேறும். 500, 600 பாகை அளவில் மண்ணின் இயல்போடு பிணைந்திருந்த நீரும் நீங்கும். அதன்பின் அஃது எக்காலத்தும் மண்ணாவதில்லை. மழையிற் கரையாது, உடைந்தாலும் ஓடாகக் கிடக்கும். கீழடியிலும் வேம்பக்கோட்டையிலும் ஓடுகள் நமக்கு எஞ்சியமைக்கு ஏது இதுவே. உள்ளே கருமையும் வெளியே செம்மையுமாகத் தொல்லூர்தோறும் கிடைக்கும் கலங்களின் மறைபொருளும் சூளையில்தான் உள்ளது. வைக்கோல், உமி முதலியவற்றை உள்ளிட்டுக் கலத்தைக் கவிழ்த்துச் சுட்டால், காற்றுப் புகாத உட்புறம் கரியுண்டு கறுக்கும். காற்றுப்பட்ட வெளிப்புறம் மண்ணிலுள்ள இரும்பினாற் சிவக்கும். அங்கே வண்ணம் தீட்டினார் ஒருவருமிலர். காற்றை விடுத்தும் தடுத்தும் ஆண்டவரே உளர்.

மீண்டும் 256-ஆம் பாட்டிற்கு வருகின்றேன். ஆதிச்சநல்லூரில் 1876-இல் யாகோர் என்னும் ஜெர்மானியரும், 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ என்பாரும் அகழ்ந்த தாழிகளைப் பற்றி நாம் படித்திருக்கிறோம். அத்துணைப் பெரிய கலத்தை ஒரே மூச்சிற் சக்கரத்தில் எழுப்ப இயலாது. சிறிது சிறிதாக வளர்க்கவேண்டும், கீழ்ப்பகுதி மேற்பகுதியைத் தாங்கும் அளவுக்கு உலர்ந்த பின்னரே மேலே செல்லவேண்டும், முழுதும் நிழலில் உலரப் பல நாள் ஆகும், பின்னர்ச் சூளை. ஆகவே அப்பெண் கேட்டது சிறிய உதவியன்று. அன்றியும் என் மனத்தில் ஒரு கேள்வி எழுந்தது. வனைந்து உலர்த்திச் சுடுதற்கு அத்துணை நாள் ஆகுமாயின் அதுகாறும் இறந்தாருடல் என் ஆவது? முன்னரே வனைந்து வைத்திருந்தனரோ? அல்லது, எலும்பை மட்டும் பின்னர்த் தாழியில் இடும் வழக்கம் பல இடங்களில் இருந்ததாக அகழ்வோர் கூறுவதனை இப்பாட்டோடு ஒட்டிப் படிக்கவேண்டுமோ? உரைநூல்களை மூன்று முறை படித்தபோது தோன்றாத இவ்வினா, உடைந்த கிண்ணத்தைக் கையில் வைத்திருந்தபோது தோன்றிற்று.

நிற்க. கண்ணாடி மணிகளைக் கூறத் தொடங்கி மட்பாண்டத்தில் நெடுநேரம் தங்கிவிட்டேன். மணலும் உவர்ச்சாரமும் நெருப்பிற் கூடி உருகுவதே கண்ணாடி. தென்னாட்டுத் தொல்லூர்களிற் கிடைக்கும் சிறு மணிகளிற் பெரும்பாலன, உருகிய கண்ணாடியைத் துளையோடு கூடிய நெடுங்குழலாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, விளிம்பு மழுங்கச் சாம்பலோடு மீண்டும் சுட்டெடுத்தவை. அரிக்கமேட்டில் இத்தொழில் ஓங்கியிருந்தது. கடல் கடந்தும் அம்மணிகள் சென்றன. மணிகளின் நிறத்தில்தான் நம் ஊர்க்கதை இருக்கிறது. காற்றுக் குறைந்த உலையில் செம்பு கண்ணாடிக்குச் செங்காவி நிறம் தரும். காற்று மிக்க உலையில் அதே செம்பு பசுநீலம் தரும். சிவகாசி வாணத்தில் நீலச் சுடர் தருவதும் செம்பின் உப்பே. நிறத்தையும் நெருப்பையும் அன்று மணியாகக் கோத்தனர்; இன்று ஒரு நொடியில் வானத்தில் விடுகின்றனர்.

என் தாயார் சாத்தூர்ப் பக்கத்தவர். இளமையிற் பள்ளிக்குப் போகுமுன் வீட்டுத் திண்ணையில் தீப்பெட்டி ஒட்டியவர். பெட்டியின் பக்கத்தில் நாம் குச்சியை உரசும் பூச்சில் செந்நிறப் பாஸ்பரசோடு அரைத்த கண்ணாடித் தூள் கலந்திருக்கும். குச்சியின் மருந்திலும் அத்தூள் உண்டு. யான் மணிகளின் படத்தைக் காட்டியபோது அவர், "எங்களுக்குத் தெரிந்த கண்ணாடி தூள்தான், அப்பா" என்றார். அச்சொல் எனக்கு மறக்கவில்லை. புஸ்வாணத்திற்கும் முன்னாளில் சிறு மண்குடுவையே கூடாக இருந்தது. தாட்கூம்பு வந்தபின் குடுவை போயிற்று. 'பூச்சட்டி' என்னும் பெயரிற் சட்டி மட்டும் தங்கியிருக்கின்றது.

இதனைக் கேட்ட வகுப்புத் தோழர் ஒருவர், "கைத்தொழில் தொழிற்பள்ளிக்கு உரியது, நமக்கு நூல் போதும்" என்றார். இவ்வூரில் இருந்துகொண்டு அங்ஙனம் கூறுதல் வியப்பே. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இளைஞர் இருவர் கல்கத்தாவிற்குச் சென்று, தீக்குச்சித் தொழிலைத் தம் கையாலே செய்து கற்று மீண்டதன்றோ சிவகாசியின் செல்வத்திற்கு வித்து? மிஷன் கல்லூரியில் இருந்துகொண்டு அங்ஙனம் கூறுதல் இன்னும் வியப்பு. பாசல் மிஷனார் 1865-இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை நிறுவினர். அவ்வழி வந்த ஓடுகள் இந்நாட்டின் பழைய கூரைகள் பலவற்றை இன்றும் காக்கின்றன. எரேமியா தீர்க்கதரிசிக்கும் குயவன் வீட்டிற்கு இறங்கிப் போகும்படி கட்டளை பிறந்ததாகவே மறைநூல் கூறும்; வீட்டிலிருந்தபடியே அவன் செய்தி பெறவில்லை. புதுச்சேரியிலோ ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்னும் அமெரிக்கர் இருவர் 1971-இல் தொடங்கிய மட்கலைக் கூடத்திற்குக் கற்றோர் பலர் சென்று பயின்றிருக்கின்றனர். பிறர் வந்து சொன்னால் கலை, நம் தெருவில் இருந்தால் கூலி என்று நாம் கருதுகின்றோம் போலும்.

குயவர் பிள்ளைகள் பட்டாசு வேலைக்குப் போவதை யான் இகழவில்லை. வாரக்கூலி வரும் இடத்திற்குப் போகாமல் யார் இருப்பர்? பொங்கலுக்கும் கார்த்திகைக்கும் மட்டும் கலம் வாங்கும் நாம் அவர்களைச் சக்கரத்தின்முன் கட்டிவைக்க உரியரல்லேம். எனினும் பட்டாசு வேலையின் விலை யாது என்பதை 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்ததை அறிந்தோர் அறிவர். மண் கிடைப்பதே பெரும்பாடு என்று மானாமதுரைப் பெரியவர் பல முறை கூறினார். ஏரி குளங்களினின்றும் மட்பாண்டத்திற்குரிய மண்ணை வட்டாட்சியர் அனுமதியோடு கட்டணமின்றி எடுக்க 2024-இல் அரசு வழி செய்தது. மனு எழுதத் தெரிந்த நாம் அங்கே பயன்படலாமே! எழுத்தறிவுக்கு இதனினும் நல்ல வேலை எனக்குத் தோன்றவில்லை.

நம் ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இது. சங்கப் பாடம் நடக்கும் பருவத்தில் மூன்று சனிக்கிழமையை ஒதுக்குங்கள். நம்மைக் குயவரிடம் அனுப்புங்கள். கூலியின்றிக் கற்பிக்கச் சொல்லாமல், விரிவுரையாளர்க்குக் கொடுக்கும் மதிப்பூதியத்தையே அவர்க்கும் கொடுங்கள். கல்லூரித் தோட்டத்தின் பின்புறம் கிணற்றடியில் ஒரு சிறு சூளைக்கு இடமும் இருக்கின்றது. பழைய மாணவர் சங்கத்தார் மனம் வைத்தால் ஒரு சக்கரம் வாங்குவது அரிதன்று.

மழை நின்றபின், தை மாதத்தில், பொங்கற் பானை வேலை முடிந்ததும் சூளை மூட்டும் நாளைச் சொல்லியனுப்புவதாகப் பெரியவர் கூறியிருக்கின்றார். இதுவரை பெயர் கொடுத்தோர் ஐவர். மட்சட்டிக்கு விலை பேசிய நண்பரும் அவருள் ஒருவர். பழைய வேட்டி கொண்டுவரவேண்டும். என் இரண்டாங் கிண்ணம் விடுதி மாடிப்படியின் கீழ், நிழலில், காய்ந்துகொண்டிருக்கின்றது.